ஊதாப் பூ கொழுஞ்சி: ஏரிக்கரையில் நிற்கும் உரமூட்டை

"வயல் வரப்பில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி மண்டிக் கிடக்கிறது. ஊதா நிறத்தில் பூக்கிறது. மாடும் மேய்வதில்லை. களைக்கொல்லி அடித்துவிடலாமா?"

தாம்பரம், படப்பை வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் சாகுபடி செய்யும் விவசாயிகள் மத்தியில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. அந்தச் செடியின் பெயர் கொழுஞ்சி. கொளுஞ்சி, கொழிஞ்சி என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்பு, இதை விதைத்து வளர்த்து நெல்வயலில் மடக்கி உழுதார்கள். இன்றைக்கு அதே செடியைக் காசு கொடுத்து மருந்து வாங்கி அழிக்கப் பார்க்கிறோம்.

சென்னையின் தெற்குப் புறநகரில் கொழுஞ்சி தானாக முளைக்கும் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகின்றன. மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிக்கரை, பாறையடி நிலம், தரிசு எல்லாம் மனைப்பிரிவாகவும் சாலையாகவும் மாறிவிட்டன. மிச்சம் இருக்கும் இடங்களில் விதையைச் சேர்த்து வைத்துக்கொள்ளாவிட்டால், பிறகு தேடினாலும் கிடைப்பது கடினம்.

எப்படி அடையாளம் காண்பது?

கொழுஞ்சி, பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. இந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த மண். ஒன்று முதல் மூன்று அடி உயரம் வரை கிளைத்து வளரும். தண்டின் அடிப்பகுதி கட்டையாக இருக்கும். புளிய இலையைப் போல ஒரு காம்பில் எதிரெதிராகச் சிற்றிலைகள் அடுக்கியிருக்கும். நுனியில் ஒற்றைச் சிற்றிலை ஒன்று தனியாக நிற்கும். பூ சிறியது, அவரைப் பூ வடிவம், ஊதா நிறம். காய் தட்டையாக, லேசாக வளைந்து, ஒன்றரை அங்குல நீளம் வரை இருக்கும். உள்ளே ஐந்து முதல் பத்து விதைகள் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சிற்றிலையை எடுத்து அதன் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாம். கொழுஞ்சி இலை குறுக்கே நேராகக் கிழியாது. நரம்பை ஒட்டிச் சாய்வாக, அம்பின் பின்புறம் கட்டும் இறகைப் போலக் கிழியும். ஆயுர்வேதத்தில் இதற்குச் 'சரபுங்கா' என்று பெயர். சரம் என்றால் அம்பு. புங்கம் என்றால் அம்பின் இறகுப் பகுதி. பெயரிலேயே அடையாளம் சொல்லி வைத்திருக்கிறார்கள். தாவரவியல் பெயர் டெஃப்ரோசியா பர்பூரியா. கிரேக்கத்தில் 'டெஃப்ரோஸ்' என்றால் சாம்பல் நிறம். இலையில் தெரியும் சாம்பல் பூத்த பச்சையையும் பூவின் ஊதாவையும் சேர்த்து வைத்த பெயர்.

அவுரிச் செடியையும் இதையும் சிலர் குழப்பிக்கொள்வதுண்டு. அவுரியின் காய் உருண்டு மெலிந்து இருக்கும், பூ இளஞ்சிவப்பு. கொழுஞ்சியின் காய் தட்டை, பூ ஊதா. காயைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கே நிற்கிறது?

பல்லாவரம் தொடங்கி வண்டலூர் வரை சின்னச் சின்னப் பாறைக் குன்றுகள் தொடர்ந்து வருகின்றன. அவற்றின் அடிவாரத்தில் சரளை கலந்த செம்மண். தண்ணீர் நிற்காது, சத்தும் குறைவு. இப்படிப்பட்ட மண்ணில்தான் புல்லோடு புல்லாகக் கொழுஞ்சி நன்றாக வளரும். மேடவாக்கத்தை ஒட்டியுள்ள நன்மங்கலம் காப்புக்காடு சுமார் 320 ஹெக்டேர். புதர்க்காடும் புல்வெளியும் கலந்த அந்த நிலம், இந்த வட்டாரம் முழுவதும் ஒருகாலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி. வண்டலூர் காப்புக்காடும் அதே வகைதான். 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்திலும் அந்தப் பழைய புதர்க்காட்டின் ஒரு பகுதி பிழைத்திருக்கிறது.

சுற்றிலும் நிலைமை வேகமாக மாறிவிட்டது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கமெல்லாம் வயல்கள் வீடுகளாகிவிட்டன. அகரம்தென், மதுரப்பாக்கம், மணிமங்கலம் போன்ற ஊர்களில் இன்னும் நெல் நடவு நடக்கிறது. பக்கத்து நிலம் மனையாகக் காத்திருக்க, இந்தப் பக்கம் ஏரித் தண்ணீரை நம்பி ஒருபோகம் சம்பா என்பதுதான் பல குடும்பங்களின் நிலை. கொழுஞ்சியால் அதிகப் பயன் பெறக்கூடியவர்களும் இவர்கள்தான்.

ஒருபோக நிலத்துக்கு ஏற்ற கணக்கு

பசுந்தாள் உரம் என்றால் தக்கைப்பூண்டும் சணப்பும்தான் உடனே நினைவுக்கு வரும். 45 முதல் 60 நாளில் தக்கைப்பூண்டு தரும் தழையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் கொழுஞ்சி தருவது சந்தேகம். ஏக்கருக்குச் சுமார் இரண்டரை டன் தழை கிடைத்தால் நல்ல விளைச்சல். வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். பிறகு ஏன் கொழுஞ்சி?

தக்கைப்பூண்டை ஒவ்வோர் ஆண்டும் விதை வாங்கி விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோ விதை தேவை. முளைக்கவும் வளரவும் ஈரம் வேண்டும். சம்பா அறுவடை முடிந்த பிறகு ஏரியில் தண்ணீர் வற்றிவிடும் ஊரில், கோடையில் தக்கைப்பூண்டுக்குத் தண்ணீருக்கு எங்கே போவது?

கொழுஞ்சியை நிலத்தில் ஒருமுறை நிலைநிறுத்திவிட்டால் போதும். தை அறுவடையில் மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வளரும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் சித்திரை வெயிலையும் தாங்கும். மாடுகள் மேயாததால், அறுவடைக்குப் பிறகு ஊர் மாடுகளை அவிழ்த்துவிடும் வயலிலும் பிழைத்து நிற்கும். ஆடி, ஆவணியில் சம்பாவுக்கு உழும்போது மடக்கி உழுதுவிடலாம். அதற்குள் சில காய்கள் முற்றி வெடித்து விதை மண்ணில் விழுந்திருக்கும்.

அந்த விதையின் தோல் மிகக் கடினமானது. மெழுகு பூசியதுபோலத் தண்ணீரை உள்ளே விடாது. அதனால் நெல்வயலில் மாதக் கணக்கில் தண்ணீர் நின்றாலும் எல்லா விதையும் அழுகிவிடாது. ஒரு பகுதி அடுத்த தையிலும், ஒரு பகுதி அதற்கடுத்த ஆண்டிலும் முளைக்கும். "ஒருமுறை விதைத்தால் வருஷா வருஷம் வரும்" என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் இந்த விதைத்தோல்தான்.

ஆழ்துளைக் கிணறு வந்து, அதே வயலில் மூன்று போகம் பயிர் வைக்கத் தொடங்கியதும் கொழுஞ்சி காணாமல் போனதற்கும் இதே காரணம்தான். காய் முற்றி விதை விழுவதற்கு 150 நாள் வேண்டும். அந்த இடைவெளி இல்லாத வயலில் மண்ணிலிருந்த விதை இருப்பு சில ஆண்டுகளில் தீர்ந்துவிட்டது.

பணக் கணக்கு

கொழுஞ்சித் தழையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். இரண்டரை டன் தழை காய்ந்தால் சுமார் 600 கிலோ. அதில் தழைச்சத்து 2.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 15 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆக, ஏக்கருக்கு முக்கால் மூட்டை யூரியாவுக்கு ஈடு. மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற மானிய விலையில் பார்த்தால், மிச்சம் 200 ரூபாய்க்கும் குறைவு.

இதற்காகவா இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தோன்றலாம். யூரியாவின் உண்மை விலை மானிய விலையைப் போலப் பல மடங்கு. மானியம் குறைந்தாலோ, நடவு நேரத்தில் தட்டுப்பாடு வந்தாலோ முதலில் திண்டாடுவது சிறு விவசாயிதான். அதைவிடப் பெரிய காரணம் மண். யூரியா தழைச்சத்தை மட்டுமே தரும். தழையோ மண்ணுக்கு மக்கும் பொருளைத் தருகிறது. சரளைச் செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் ஊற்றிய தண்ணீரும் போட்ட உரமும் கீழே இறங்கிவிடுவதுதான் பெரிய குறை. மக்கிய தழை சேரச் சேர மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஏரி முழுதாக நிரம்பாத ஆண்டில், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நாலு நாள் ஈரம் கூடுதலாக நின்றால் அது ஒரு பயிரைக் காப்பாற்றிவிடும். அந்தப் பலன் உடனே தெரியாது. மூன்று, நான்கு ஆண்டு தொடர்ந்து மடக்கி உழுத பிறகே தெரியும்.

கொழுஞ்சி போட்ட முதல் ஆண்டிலேயே யூரியாவை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. மண் பரிசோதனை செய்து, இலை வண்ண அட்டையைப் பார்த்து, தேவைக்கு ஏற்ப மேலுரத்தைப் படிப்படியாகக் குறைப்பதே சரி.

விதை சேகரிப்பதும் முளைக்க வைப்பதும்

தக்கைப்பூண்டு, சணப்பு விதை கிடைக்கும் அளவுக்குக் கொழுஞ்சி விதை எளிதாகக் கடைகளில் கிடைப்பதில்லை. அதனால் சொந்த வரப்பிலும் தரிசிலும் நிற்கும் செடிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி பிறந்ததும் காய்கள் முற்றத் தொடங்கும். காய் பழுப்பு நிறமானதும், வெடிப்பதற்கு முன்பு பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காய் முறுக்கிக்கொண்டு வெடித்து விதை சிதறும். அதனால் காலைப் பனி ஈரம் இருக்கும்போதே பறிப்பது நல்லது. தார்ப்பாயில் பரப்பி, மேலே பழைய புடவை ஒன்றைப் போர்த்திக் காயவைத்தால் விதை வெளியே தெறிக்காது. பிறகு தடியால் தட்டிப் புடைத்துக்கொள்ளலாம்.

நன்மங்கலம், வண்டலூர் போன்ற காப்புக்காடுகளுக்குள் போய் விதையோ செடியோ எடுப்பது சட்டப்படி குற்றம். ஊராட்சிப் பொது நிலமாக இருந்தால் ஊராட்சியில் கேட்டுக்கொண்டு எடுக்கலாம். எங்கே எடுத்தாலும் எல்லாக் காய்களையும் பறித்துவிடாமல் பாதியையாவது செடியிலேயே விட வேண்டும்.

விதைத்தோல் கடினமாக இருப்பதால், அப்படியே விதைத்தால் முதல் ஆண்டில் கொஞ்சம்தான் முளைக்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: விதையோடு அதே அளவு பருமணலைக் கலந்து, உரலில் போட்டு மெதுவாகக் குத்த வேண்டும். விதை உடையக் கூடாது; மேல்தோல் உராய்ந்து பளபளப்பு போனால் போதும்.

இரண்டாவது வழி: தண்ணீரைக் கொதிக்கவைத்து, துணியில் கட்டிய விதையை அதில் 2 முதல் 3 நிமிடம் மட்டும் முக்கி எடுத்து, உடனே பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். நேரம் கூடினால் விதை வெந்துவிடும். முதலில் ஒரு கைப்பிடி விதையில் செய்து பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் செய்வது பாதுகாப்பு.

எந்த வழியாக இருந்தாலும், 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டால் விதை அளவைத் தீர்மானிக்கலாம். நல்ல முளைப்பு இருந்தால் ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ போதும். விதைக்கும் முன், ஆறிய அரிசிக் கஞ்சியில் ஏக்கருக்கு 2 பொட்டலம் ரைசோபியம் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்திக்கொள்ள வேண்டும். வேர் முடிச்சு நன்றாகப் பிடிக்கும்.

சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளிப்பதுபோலத் தெளிக்கலாம். அந்தப் பதம் தவறிவிட்டால், அறுவடை முடிந்ததும் ஈரம் காய்வதற்குள் ஓர் உழவு ஓட்டி விதைக்கலாம். மடக்கி உழும்போது தண்டு கட்டையாகியிருந்தால் மக்குவதற்கு நாள் பிடிக்கும். அதனால் நடவுக்கு மூன்று வாரம் முன்பே உழுது தண்ணீர் கட்டுவது நல்லது.

உலகத்துக்கும் இந்தக் கதை உண்டு

கொழுஞ்சியைப் போலவே ஏழை மண்ணில் வளர்ந்து, காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேரில் சேர்க்கும் காட்டுப்பூ லூபின். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மணற்பாங்கான புல்வெளிகளில் நீலமும் ஊதாவுமாகப் பூக்கும் பல்லாண்டுச் செடி. அதன் விதைத்தோலும் கடினம்தான். அங்கே 'கார்னர் நீலன்' என்ற சிறிய வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அதன் புழு இந்த லூபின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. புல்வெளிகள் குடியிருப்பாகவும் அடர்ந்த மரக்காடாகவும் மாறியதில் லூபின் குறைந்தது; கூடவே வண்ணத்துப்பூச்சியும் குறைந்தது. 1992-ல் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அறிவித்தது. இப்போது நிலத்தைச் சீர்செய்து லூபின் விதையைத் தூவி வளர்க்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு. கசப்பான லூபினிலிருந்து கசப்பில்லாத ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை 1960-களில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற விஞ்ஞானி செய்தார். அதன் பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவின் மணல் நிலங்களில் கோதுமையோடு மாற்றிப் பயிரிடும் முக்கியப் பயிராக லூபின் வளர்ந்தது. ஒரு நாட்டில் காப்பாற்ற வேண்டிய காட்டுச் செடி, இன்னொரு நாட்டில் அதன் உறவுச் செடி மண்ணுக்குச் சோறு போடுகிறது. நம் ஊர்க் கொழுஞ்சி இந்த இரண்டுமாகவும் இருக்கிறது.

வாசகர்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

கேள்வி: ஆழ்துளைக் கிணறு உண்டு, ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் வைக்கிறோம். கொழுஞ்சி போடலாமா?

பதில்: ஏற்றதல்ல. மெதுவாக வளரும் செடிக்கு அங்கே இடைவெளி இல்லை. 45 நாளில் மடக்கி உழக்கூடிய தக்கைப்பூண்டு அல்லது சணப்புதான் சரி. தமிழக அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை வழங்கப்படுகிறது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம்.

கேள்வி: களிமண்ணிலும் உவர் நிலத்திலும் வருமா?

பதில்: தண்ணீர் தேங்கும் கனத்த களிமண்ணில் கொழுஞ்சி சோர்ந்துவிடும். களர், உவர் நிலத்துக்குத் தக்கைப்பூண்டே நல்லது. செம்மண், சரளை, மணற்பாங்கான நிலம்தான் கொழுஞ்சிக்கு ஏற்றது.

கேள்வி: நெல் வைக்கவில்லை, மா, தென்னை மட்டும் இருக்கிறது. பயன்படுமா?

பதில்: பயன்படும். மர வரிசைகளுக்கு நடுவே விதைத்து, பூக்கும் நேரத்தில் அறுத்து மரத்தைச் சுற்றி மூடாக்காகப் போடலாம். ஓரமாகச் சில வரிசைகளை அறுக்காமல் விட்டால் அடுத்த ஆண்டுக்கு விதை கிடைக்கும்.

கேள்வி: மீன் வளர்க்கும் குட்டைக்குப் பக்கத்தில் வளர்க்கலாமா?

பதில்: செடி நிற்பதால் கெடுதல் இல்லை. ஆனால் தழையைக் குட்டைக்குள் கொட்டக் கூடாது. இந்த இனச் செடிகளில் மீனை மயக்கும் பொருள் உண்டு. அந்தக் காலத்தில் செடியை நசுக்கித் தண்ணீரில் போட்டு மீன் பிடித்தார்கள்.

கேள்வி: கொழுஞ்சி வேரை வயிற்று நோய்க்குக் கஷாயம் போட்டுக் குடிக்கலாம் என்கிறார்களே?

பதில்: சித்த மருத்துவத்தில் கொழுஞ்சிக்கு இடம் உண்டு. ஆனால் அளவும் சேர்மானமும் தெரியாமல் வீட்டில் காய்ச்சிக் குடிப்பது ஆபத்து. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே மருத்துவரைப் பார்த்து ஆலோசனை பெறுவதே நல்லது.

கேள்வி: வரப்பில் இருப்பதை அப்படியே விட்டால் நெல்லுக்குள் களையாகப் பரவிவிடாதா?

பதில்: பரவாது. தண்ணீர் நிற்கும் நெல்வயலில் கொழுஞ்சியால் வளர முடியாது. விதை மட்டும் மண்ணில் தூங்கிக் கிடந்து, அறுவடைக்குப் பிறகுதான் முளைக்கும். எனவே களைக்கொல்லிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. வரப்பில் நடக்க இடைஞ்சலாக இருந்தால் அரிவாளால் அறுத்து வயலிலேயே போட்டுவிடலாம். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும்.

மார்கழியில் வரப்பைச் சுற்றி வரும்போது ஊதாப் பூவும் தட்டைக் காயும் கண்ணில் பட்டால், இரண்டு கைப்பிடி காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வாருங்கள். முதல் ஆண்டு ஐந்து சென்ட் போதும். அந்த ஐந்து சென்ட்டில் விளையும் விதையை வைத்து அடுத்த ஆண்டு வயலில் இறங்கலாம்.